கருவி வந்தது, எழுத்து வரவில்லை

சிவகாசியைச் சூழ்ந்த கரிசற்காட்டுச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தமிழ் பயிற்றுவித்து வருகின்றேன். தமிழாசிரியனுக்குக் கணினியைப் பற்றி என்ன தெரியும் என்று வினவுவார் உளர். அது யாருக்குக் கிட்டிற்று, யாருக்குக் கிட்டவில்லை என்பது தெரியும். கிட்டியவரும் அதில் எந்த எழுத்தைத் தட்டுகின்றனர் என்பதும் தெரியும். இக்கட்டுரைக்கு அவ்வளவு போதும்.

2020 மார்ச்சுத் திங்களில், மகுடை என்று நம்மவர் பெயரிட்ட தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டன. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் மீண்டும் வகுப்பறையைக் கண்டனர். இடைப்பட்ட பத்தொன்பது திங்களும் பொருள்வளம் உடையோர் பிள்ளைகளுக்குப் பள்ளி கைப்பேசித் திரையில் நடந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. அதனைக் குறைகூறேன், ஆயினும், தொலைக்காட்சி பேசுமேயன்றிப் பிள்ளை கேட்டதற்கு விடை கூறாது.

வெடியாலைத் தொழிலாளர் வீட்டு நிலை இன்னும் வேறு. மருந்து புழங்கும் அறைகளுக்குள் கைப்பேசி கொண்டு செல்லுதல் ஆகாது. சிறு பொறியே உயிர் குடிக்குமிடம் அது. அங்ஙனமாயின் கருவி வீட்டில் பிள்ளையிடமே இருக்குமே என்று நகரத்தார் எண்ணுவர். எம் மாணவியொருத்தியின் தந்தை அதனை உடன்கொண்டு சென்று, ஆலை வாயிலில் ஒப்படைத்துவிட்டு, மாலையில்தான் மீட்டு வருவார். அதன்பின் மூன்று பிள்ளைகளுக்கு அவ்வொரு கருவி. “எனக்கு வியாழக்கிழமைதான் முறை, ஐயா” என்றாள். கிழமைக்கு ஒரு மாலை. அதுவே அவளுடைய ஆறாம் வகுப்பு. எஞ்சிய நாள்களில் தாயொடு அமர்ந்து தீப்பெட்டி ஒட்டினாள்.

விடியுமுன் ஆலை வண்டிகள் சிறுவரை அள்ளிச் சென்ற காலத்தை எம் தலைமுறை கண்ணாரக் கண்டது. விருதுப்பட்டியிற் பிறந்த காமராசர் 1956இல் பள்ளிகளில் நண்பகலுணவு தொடங்கினார். 1996 திசம்பரில் உச்ச முறைமன்றம் சிவகாசிச் சிறுவர் தொழில் வழக்கில் தீர்ப்பளித்தது. அத்துணைப் பாடுபட்டுப் பள்ளிக்குக் கொணர்ந்த பிள்ளை, ஒரு கருவி இன்மையால் மீண்டும் தீப்பெட்டியின்முன் அமர்ந்தாள் என்பதை நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லை.

கருவி கொடுத்தால் தீர்ந்துவிடுமோ? 2011இல் தமிழக அரசு மேனிலை வகுப்பு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. கூலித் தொழிலாளியின் குடிசையில் கணினி நுழைந்தது அதுவே முதன்முறை. தொற்றுக் காலத்தில் அத்திட்டம் தடைப்பட்டது பெருங்கேடு. எனினும், அதனைப் பெற்ற எம் மாணவருள் தமிழில் ஒரு விடுமுறை விண்ணப்பம் தட்டத் தெரிந்தவர் என் அறிவுக்கு எட்டியவரை ஒருவருமிலர். படம் பார்த்தனர், பாட்டுக் கேட்டனர். நட்புக்கு எழுதுங்கால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினர். இன்று அதுவும் குறைந்து, குரலைப் பதிந்து அனுப்புதலே வழக்கமாயிற்று.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் பிள்ளைக்கு ந, ண, ன மூன்றும் ஒன்றே. ர, ற இரண்டும் ஒன்றே. பின்னர் அவன் விடைத்தாளில் ‘மரம்’ என்னுமிடத்து ‘மறம்’ என எழுதினால் பிழை அவனதா?

இத்தனைக்கும் நல்ல விசைப்பலகை நம்மிடம் இல்லாமலில்லை. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டில் உருப்பெற்று, அவ்வாண்டே தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது தமிழ்99. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். மெய்யும் உயிரும் அடுத்தடுத்துத் தட்டினால் உயிர்மெய் பிறக்கும். ஒரே மெய் இரட்டித்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும்; ஙகரத்தை அடுத்துக் ககரம், நகரத்தை அடுத்துத் தகரம் என இனவெழுத்து வரினும் அவ்வாறே. நாம் கரும்பலகையில் நடத்தும் எழுத்திலக்கணமே அதில் இயங்குகிறது. (வடவெழுத்துகளை மேல்விசைக்கு ஒதுக்கியிருப்பதும் நம்மவர்க்கு உவப்பாகும்!) மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் செல்லினம் வழியே இவ்வமைப்பு கைப்பேசிக்கும் வந்துவிட்டது. இதனைக் கற்பிக்க நாளொன்றுக்கு அரைமணியாக ஒரு திங்கள் போதும். எம் பள்ளி ஆய்வகத்துக் கணினிகளோ தேர்வுக்கும் கணக்கெடுப்புக்கும் மட்டுமே விழித்தெழுகின்றன.

அரசைக் கடிவது எளிது. நம்மையும் சிறிது கடிந்துகொள்வோம். கணினி, இணையம், செயலி, திறன்பேசி என அழகிய சொற்களைப் படைத்தோம். அவை நாட்டில் வழங்கவும் கண்டு மகிழ்ந்தோம். அச்சொற்களை அக்கருவியில் எழுத ஒரு பிள்ளைக்கேனும் கற்பித்தோமா? சொல்லாக்கக் கூட்டங்களுக்குச் செல்லும் அன்பர்களுள்ளும் அழைப்பிதழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவோர் உளர். பெயர் கூறேன், தாமே அறிவர். ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைக்குத் தமிழ்த் தட்டச்சு இல்லாவிடினும் ஆங்கிலம் கைகொடுக்கும். தமிழ்வழி பயின்ற தொழிலாளி மகளுக்கோ அந்தத் துணையுமில்லை. நாட்காட்டியும் குறிப்பேடும் அச்சிடும் சிவகாசியில் தமிழ் தட்டத் தெரிந்த கைக்குக் கூலியும் உண்டு. அது மருந்தறைக் கூலியினும் உயிருக்கு ஏதமற்றது.

ஆறாம் வகுப்பிலேயே தமிழ்99ஐப் பாடமாக்குமாறு அரசை வற்புறுத்துவோம். அதுவரை நாமே தொடங்கலாம். பழைய மாணவர் இருவர் தம் மடிக்கணினிகளை என்னிடம் தந்துள்ளனர். காரிக்கிழமைகளில் பள்ளி முடிந்தபின் ஒன்பது பிள்ளைகள் வருகின்றனர். முதல் நாள், தமக்குத் தெரிந்த சொல் எதையேனும் தட்டுக என்றேன். ஒரு சிறுமி எட்டு விசைகளில் ‘தீப்பெட்டி’ என எழுதினாள். திரையை உற்று நோக்கிவிட்டு, “நான் புள்ளியே வைக்கவில்லையே, ஐயா, எப்படி வந்தது?” என்றாள். அன்று வல்லினம் இரட்டித்தலை அரைமணி நேரம் நடத்தினேன். ஒருவரும் எழுந்து போகவில்லை.