பழைய கணிப்பொறிகளை ஏலத்திற்கு விடுமுன்

மதுரை நகரிலும், மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி வட்டாரங்களிலும் உள்ள சங்கங்களுக்கு ஆய்வின் பொருட்டுச் செல்லும்போது, தீர்மானப் புத்தகங்களில் ஒரே மாதிரியான தீர்மானத்தைச் சில காலமாகக் கண்டு வருகிறேன். “சங்கத்துக் கணிப்பொறிகள் உபயோகத்திற்கு லாயக்கற்றவையாகி விட்டபடியால், அவற்றை ஏலத்தில் விற்றுப் புதியன வாங்க அனுமதிக்கலாயிற்று” என்பதே அது. லாயக்கற்றவை என்று கண்டு சொன்னவர் யார் என விசாரித்தால், பெரும்பாலும் புதிய இயந்திரங்களுக்கு விலைப்புள்ளி கொடுத்த வியாபாரியாகவே இருக்கிறார். மாடு வாங்க வந்தவனிடம் மாட்டின் வயதைக் கேட்பதற்கும் இதற்கும் அதிக வேற்றுமையில்லை.

இதற்கு ஒரு காரணம் இல்லாமலில்லை. நம் சங்கங்களில் பெரும்பாலும் வழங்கி வந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மேலும் வேண்டும் நிறுவனங்கள், முதல் ஆண்டுக்குக் கணிப்பொறி ஒன்றுக்கு 61 டாலர் செலுத்த வேண்டும். அடுத்த ஆண்டு அது இரட்டிக்கும். விண்டோஸ் 11-க்கு மாறலாமெனில், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் தேவை. 2017-க்கு முன் வாங்கிய இயந்திரங்களில் பெரும்பாலானவை இதிலேயே தள்ளுபடியாகிவிடும். ஆனால், இயந்திரம் பழுதாகிவிட்டது என்பது வேறு. ஒரு குறிப்பிட்ட இயங்குதளம் அதனை ஏற்க மறுக்கிறது என்பது வேறு. முன்னதற்குப் பணம் செலவழிப்பது நியாயம். பின்னதற்கு அங்கத்தினரின் பணத்தை எடுக்குமுன் வேறு வழியுண்டா என்று பார்த்தல் கடமையாகும்.

வழியுண்டு. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு பல விநியோகங்கள் கிடைக்கின்றன. டெபியன், உபுண்டு, மின்ட் ஆகியன பெயர் பெற்றவை. நம் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனைத் தழுவி உருவாக்கிய பாஸ் என்பதும் ஒன்று. உரிமக் கட்டணம் இல்லை. நான்கு ஜி.பி. நினைவகமுள்ள பழைய இயந்திரத்திலும் இவற்றின் இலகுவான வடிவங்கள் ஓடும்.

எனினும், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும் என்று பிரசாரம் செய்ய நான் வரவில்லை. நூலும் நல்லது, தறியும் நல்லது. நூலின் நெம்பருக்கு அச்சு பொருந்தாவிட்டால் நெசவு ஓடுமா? இங்கும் பொருத்தமே கேள்வி. அதைப் பார்க்கும் முறையோ மிக எளிது. விநியோகத்தை ஒரு யு.எஸ்.பி. கோலில் ஏற்றி, கணிப்பொறியை அக்கோலிலிருந்தே துவக்கலாம். நிறுவும்படி நாம் கட்டளையிடாத வரையில், உள்ளேயிருக்கும் வட்டில் அது எதையும் எழுதாது. கணக்குகள் இருந்தபடியே இருக்கும். ஆயினும் முன்கூட்டியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வதே அலுவலக ஒழுங்கு.

வைகைக்கு வடக்கே ஒரு சங்கத்தில், ஏலத்திற்கென ஒதுக்கிய ஐந்து கணிப்பொறிகளை இவ்வாறு ஒரு சனிக்கிழமை பிற்பகலில் காரியதரிசியும் நானும் சோதித்தோம். ஒன்றில் வட்டு பழுது. அது உண்மையிலேயே பழுதுதான். மற்ற நான்கும் துவங்கின. திரை, விசைப்பலகை, கம்பிவழி இணைப்பு யாவும் உடனே வேலை செய்தன. கடன் லெட்ஜர் அச்சிடும் பழைய புள்ளி அச்சு இயந்திரம் நின்றுவிடும் என்று எண்ணினோம். பொதுவான எப்சன் இயக்கியைத் தேர்ந்தவுடன் கடகடவென ஓடிற்று. தகராறு செய்தவை மூன்று: கம்பியில்லா இணைப்புக்கான சிறு குச்சி, ஒரு லேசர் அச்சு இயந்திரம், விரல்ரேகைக் கருவி.

ஏன் இப்படி? இயக்கி என்பது கருவியோடு பேசத் தெரிந்த சிறு நிரல். லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகள் கருவகத்தினுள்ளேயே அடங்கியுள்ளன. ஆகையால்தான் குறுந்தகடு தேடவேண்டியதில்லை. ஆனால், சில மலிவான லேசர் அச்சு இயந்திரங்கள் பொது மொழி எதையும் அறியாமல், தயாரிப்பாளரின் தனி மொழியை மட்டுமே அறியும். கம்பியில்லாக் குச்சிகளிலோ, அட்டையில் ஒரே பெயர் இருக்க, உள்ளேயிருக்கும் சில்லு ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே பெயரை நம்பாமல், ‘எல்.எஸ்.யு.எஸ்.பி.’ என்ற கட்டளையிட்டு, அது காட்டும் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு தேடவேண்டும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல், இத்தகைய சில்லுகளுக்கு வேண்டிய நிலைப்பொருள் நிறுவற் கோப்பிலேயே சேர்க்கப்பட்டுள்ளமையால் தொல்லை குறைந்திருக்கிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: விண்டோஸில் பழைய இயந்திரம் தள்ளுபடியாகிறதென்றால், லினக்ஸில் புத்தம் புதிய இயந்திரமே சில சமயம் திணறும், அதன் இயக்கி இன்னும் கருவகத்தில் வந்து சேராமையால்.

மென்பொருள் பற்றியும் ஊழியர்கள் கேட்பார்கள்; கேட்பது நியாயமே. உலாவி வழியே நடக்கும் வேலைகளுக்குத் தடையில்லை. டாலி போன்றவற்றிற்கும், லினக்ஸ் இயக்கி இல்லாத மின்கையொப்ப டோக்கனுக்கும் விண்டோஸ் 11 உள்ள இயந்திரம் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்களை ஒருங்குறிக்கு மாற்றுவது எவ்வாறேனும் செய்யவேண்டிய வேலையே. ஒருங்குறியை அரசு 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டது. இலவசம் என்பதால் உழைப்பும் இலவசமென்று எண்ணிவிடக் கூடாது. குமாஸ்தாவுக்குப் பழக ஓரிரு வாரங்கள் பிடிக்கும். அவகாசம் கொடுக்காமல் ஏசுவது தகாது.

நிற்க. உண்மையான பழுதுக்குப் புதிதாக வாங்கத்தான் வேண்டுமெனில், பொருத்தத்தை வாங்குமுன்னரே கேட்பது உத்தமம். இது தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. 2006-க்கும் 2008-க்கும் இடைப்பட்ட காலத்தில், திரு. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராயிருந்தபோது, எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணிப்பொறிகளைச் சூசி லினக்ஸுக்கு மாற்றிற்று. கேரளத்துப் பள்ளிகளிலோ இன்றளவும் லினக்ஸே நடைமுறையில் இருக்கிறது. நம் சங்கங்கள் விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் ஒரு வாசகம் சேர்த்தால் போதும்: கணிப்பொறியும் அச்சு இயந்திரமும் சங்க அலுவலகத்தில் லினக்ஸில் இயக்கிக் காட்டப்பட்ட பின்னரே பணம் பட்டுவாடா செய்யப்படும் என்பதே அவ்வாசகம். சம்மதியாத வியாபாரியின் விலைப்புள்ளியை வைத்துவிட்டு அடுத்ததைப் பிரிக்கலாம்.

மேற்சொன்ன சங்கம் தன் ஏலத் தீர்மானத்தை ரத்து செய்து, பழுதான வட்டு ஒன்றுக்குப் பதில் புதிதும், முப்பது மீட்டர் இணைப்புக் கம்பியும் வாங்கிற்று. விரல்ரேகைக் கருவி, விண்டோஸுக்கென வைத்த ஒரே இயந்திரத்தோடு சேர்க்கப்பட்டது. லேசர் அச்சு இயந்திரம் மட்டும் இன்னும் மூலையில்தான் இருக்கிறது. அதற்கு இயக்கி தேடிக்கொண்டிருக்கிறோம்.