தேய்க்காமல் பெயின்ட் அடிக்காதீர்கள், பிள்ளைகளே!



போன வாரம் எங்கள் வீட்டு மர பீரோவுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து முடித்த படத்தைப் போட்டிருந்தேன். பாராட்டை விடத் திட்டுதான் அதிகம் வந்தது. "தேக்குக்குப் போயி யாராவது பெயின்ட் அடிப்பாங்களா அத்தை?" என்று அண்ணன் மகள் கேட்டாள். "டீச்சர், நானும் அடிச்சேன். ரெண்டே மாசத்துல உரிஞ்சு போச்சு" என்று பழைய மாணவன் ஒருவன் புலம்பினான். இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

அந்த பீரோ 1980இல் என் கல்யாணச் சீராக அப்பா செய்து கொடுத்தது. கதவும் சட்டமும் தேக்கு, முதுகுப் பலகை மட்டும் பிளைவுட். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் மூன்று நாள் நின்றது. வடிந்த பிறகு தெருமுனையில் மரச்சாமான்கள் மலையாகக் குவிந்தன. மரத்தூளை அழுத்திச் செய்த புது டேபிள், கட்டில் எல்லாம் டீயில் முக்கிய பிஸ்கட் மாதிரி ஊதிப்போயிருந்தன. என் பீரோ நின்ற இடத்தில் நின்றது. அடி ஒன்றரை அடி மட்டும் கறுத்து, வார்னிஷ் வெளுத்துப் போயிருந்தது.

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கும்மா" என்றான் மகன். எனக்கு மனசு வரவில்லை. ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "மரம் கல்லு மாதிரி இருக்கும்மா, ஆனா இந்தக் கறை போகாது, மறுபடி பாலிஷ் போட்டாலும் தெரியும்" என்றார். அப்புறம் என்ன? பெயின்ட்தான். நல்ல தேக்கின் ரேகையை மறைப்பது எனக்கும் வருத்தம்தான். ஆனால் ரேகைக்காக அழுதுகொண்டே பீரோவைத் தெருவில் வைப்பதைவிட, வெள்ளையடித்து இன்னும் நாற்பது வருடம் வைத்துக்கொள்வது மேல் என்பது என் கட்சி. கறை இல்லாத தேக்காக இருந்தால் நானும் பாலிஷ்தான் போடச் சொல்வேன்.

இப்போது உரிந்து போன கதை. அதில் என் கதையும் உண்டு. முப்பது வருடம் வேதியியல் நடத்திய நானே, பீரோவுக்கு முன்னால் படிப்பு மேஜைக்கு வார்னிஷ் மேலேயே நேராக எனாமல் அடித்தேன். ஐப்பசி மழைக்குப் பால் ஆடை மாதிரி கையோடு வந்தது. காரணம் எளிது. வார்னிஷின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பு. பெயின்ட் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு கீறல்கூட இல்லை. உப்புத்தாள் போட்டு அந்தப் பளபளப்பைக் கொல்ல வேண்டும். முழு வார்னிஷையும் உரித்தெடுக்க வேண்டியதில்லை, மங்கினால் போதும். 120ஆம் நம்பர் தாளை மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கோடு விழும்.

அதற்கு முன் சோப்புத் தண்ணீர்த் துணியால் அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு தடவை துடையுங்கள். நம் ஊரில் இது மிக முக்கியம். கடற்காற்று கொண்டுவந்து படியவிடும் உப்பு பெயின்ட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால், ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும். வெள்ளத்தில் நனைந்த மரமென்றால் மாதக்கணக்கில் காயவிடுங்கள். நம் மழைக்காலத்தை விட்டுவிட்டு மாசி, பங்குனியில் கை வையுங்கள்.

இன்னொன்று, வெள்ளை அடித்த இடத்தில் மஞ்சள் கறை மேலே ஏறி வரும். தேக்கின் சாறும் பழைய பாலிஷ் சாயமும்தான் அது. பிரைமருக்கு முன் அரக்குப் பாலிஷ் ஒரு கை போட்டால் அடங்கிவிடும். ஓட்டை உடைசலுக்குப் பட்டி, பிறகு பிரைமர், ஒரு நாள் காய்ச்சல், 220ஆம் தாளில் மெல்லிய தேய்ப்பு, அதன்பின் எனாமல் இரண்டு கோட். கெட்டியாக ஒரு கோட் அடித்தால் வழிந்து நிற்கும். எனக்கு எல்லாம் சேர்த்து ஒன்பது நாள் ஆனது. அதில் பிரஷ்ஷைப் பிடித்தது இரண்டு நாள்தான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இதற்காகத்தான் இந்தப் பதிவே. பீரோவை முடித்த உற்சாகத்தில், பரணிலிருந்த மகனின் பழைய நடைவண்டியையும் பேத்திக்காகத் தேய்க்க எடுத்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை. தாளை வைக்கும்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்து எனாமலில், அதுவும் இந்த நிறங்களில், ஈயம் கலப்பது சாதாரணம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி தரையில் படியும். தவழும் பிள்ளையின் கை வழியே வாய்க்குப் போகும். குழந்தையின் மூளையைப் பாதிக்கும் விஷம் அது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

பேத்தி அப்போது அதே தார்சாவில் தவழ்ந்துகொண்டிருந்தாள். நடைவண்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஓரமாக வைத்துவிட்டேன். ஞாபகப் பொருள்தான், ஆனால் பேத்திக்குப் புதுசு வாங்கியாயிற்று. உங்கள் வீட்டில் பழைய பெயின்ட் அடித்த தொட்டில், கட்டில், ஜன்னல் இருந்தால் தயவுசெய்து உலர்வாகத் தேய்க்காதீர்கள். தேய்த்தே தீர வேண்டுமென்றால் தண்ணீர்த்தாளால் நனைத்துத் தேயுங்கள், நல்ல முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டுக்கு அனுப்புங்கள், முடிந்ததும் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

அண்ணன் மகளுக்கு ஒரு சேதி. பீரோவின் கதவு உட்பக்கத்தை நான் தொடவே இல்லை. திறந்தால் தாத்தா போட்ட பாலிஷ் அப்படியே இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது திறந்து பார்.