அட்மின் பாஸ்வேர்டு யார் கையில இருக்கு?

போன மாசம் 19-ம் தேதி ராத்திரி 8 மணிக்கு ஒரு போன். திருநெல்வேலியில பெயின்ட் கடை வச்சிருக்கிற அண்ணாச்சி. "தம்பி, கம்ப்யூட்டர் திறக்கவே மாட்டேங்கு. பாஸ்வேர்டு போட்ட பையன் வேலையை விட்டுப் போயிட்டான். போன் போட்டா சுவிட்ச் ஆஃப்"னாரு.

மறுநாள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18% வட்டி.

பக்கத்து சர்வீஸ் கடையில ஃபார்மேட் அடிச்சுத் தர்றோம்னு சொல்லியிருக்காங்க. "அண்ணாச்சி, கையே வைக்க விடாதீங்க"ன்னேன். டேலி டேட்டா மொத்தமும் சி டிரைவ்லதான் இருந்துச்சு. பேக்கப் கிடையாது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். ஃபார்மேட் அடிச்சிருந்தா எல்லாம் போயிருக்கும்.

நல்லவேளை, அதுல பிட்லாக்கர் போடலை. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, வேற கம்ப்யூட்டர்ல மாட்டி, டேட்டாவை காப்பி எடுத்தோம். 20-ம் தேதி சாயங்காலம் ரிட்டர்ன் போட்டாச்சு. பிட்லாக்கர் இருந்திருந்தா, 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாம இது நடந்திருக்காது.

எல்லாரும் அந்தப் பையனைத் திட்டினாங்க. நான் அண்ணாச்சியைத்தான் சொல்வேன். கல்லாப்பெட்டியோட ஒரே சாவியை வேலையாள்கிட்ட கொடுத்துட்டு யாராவது வீட்டுக்குப் போவாங்களா? கடையோட மொத்தக் கணக்கும் இருக்கிற கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் அப்படி?

பாஸ்வேர்டை எழுதி வைக்கக்கூடாதுன்னு சொல்வாங்க. மானிட்டர்ல ஒட்டக்கூடாது, சரி. ஆனா ஒருத்தர் ஞாபகத்தை மட்டும் நம்பி ஒரு தொழில் நடக்கக்கூடாது.

அதனால சில விஷயம் செய்யுங்க. முதலாளி பேர்ல இன்னொரு அட்மின் அக்கவுண்ட் வேணும். பாஸ்வேர்டு, ரெக்கவரி கீ ரெண்டையும் எழுதி, கவர்ல ஒட்டி, வீட்டுப் பத்திரம் இருக்கிற பீரோவுல வைங்க. வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லியும் வைங்க. வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்து, கடைக்கு வெளியே வைங்க. கணக்குப் பார்க்கிறவர் வேலையை விட்டா, கடைசிச் சம்பளம் கொடுக்கிற அன்னைக்கே பாஸ்வேர்டை மாத்திடுங்க.

இதுக்கெல்லாம் அரை மணி நேரம் போதும். இன்னைக்கு ஷட்டரை இறக்குறதுக்கு முன்னாடி, உங்க கடை கம்ப்யூட்டரை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்க. முடியலைன்னா, 20-ம் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க.