பாதுகாப்பான இடம் யார் தெருவில் இருக்கிறது?

2024 டிசம்பர் 2 அதிகாலை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. மயிலத்திலும் ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டித் தீர்த்திருந்தது. சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. எங்கள் காலனி ஆற்றிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

அடுத்த இரண்டு வாரம் தொலைக்காட்சிகளில் ஒரே விவாதம்: எச்சரிக்கை கொடுத்தார்களா, கொடுக்கவில்லையா? நள்ளிரவில் சொல்லாமல் கொள்ளாமல் திறந்துவிட்டார்கள் என்றன எதிர்க்கட்சிகள். ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. என் அம்மாவைக் கேட்டால் எச்சரிக்கை வந்தது என்றுதான் சொல்வார். செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் படித்துக் காட்டியிருக்கிறான். கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும் என்று அதில் இருந்தது.

எங்கள் ஊராட்சியில் பாதுகாப்பான இடம் என்றால் ஒன்றுதான். ஊர்த் தெருவின் மேட்டில் இருக்கும் கல்யாண மண்டபம். காலனியிலிருந்து பத்து நிமிட நடை. அன்று காலனியில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது மண்டபத்தின் வாசற்படிகூட நனையவில்லை. அம்மாவும் இன்னும் நாற்பது ஐம்பது பேரும் தொகுப்பு வீடுகளின் ஒழுகுகிற மொட்டை மாடிகளில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் போன் கிடைத்ததும் கத்தினேன். "ஏம்மா மண்டபத்துக்குப் போகல?" அவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "அங்க எப்படிம்மா போய் நிக்கிறது?"

யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய தேவையே இல்லை. சொந்தக் காசுக்குக்கூட எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வாடகைக்குக் கிடைக்காத மண்டபம் அது. விடியற்காலை நான்கு மணிக்கு, ஈரத் துணியோடு, ஆட்டுக்குட்டியையும் இழுத்துக்கொண்டு போய் யாரிடம் சாவி கேட்பது? பேரிடர் மேலாண்மைக்காரர்களின் வரைபடத்தில் அந்த மண்டபம் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குப் போகிற வழியில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடம் அவர்களிடம் கிடையாது.

டிசம்பர் 3-ஆம் தேதி இருவேல்பட்டில் அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசப்பட்டது. ஊடகங்கள் அந்தச் சேற்றின் கட்சி எது என்று கண்டுபிடிப்பதில் இறங்கின. மக்களின் எரிச்சலைக் கட்சிக் கணக்காக மட்டும் பார்க்கிற பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. சென்னையில் 2023-ல் மிக்ஜாம் வந்தபோதும் இதுதான் நடந்தது. மழைநீர் வடிகாலுக்குச் செலவழித்த 4,000 கோடி எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வேளச்சேரி அடுக்குமாடிவாசி சமூக ஊடகத்தில் கோபப்பட்டால் அது 'பொதுமக்களின் ஆதங்கம்'. காலனிக்காரர்கள் குடிதண்ணீர் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தால் அது 'போக்குவரத்து பாதிப்பு'. படகு ஒரு கோபத்துக்கு வருகிறது, போலீஸ் வேன் இன்னொன்றுக்கு வருகிறது.

இதைச் சில அதிகாரிகளின் மனக்கோளாறு என்று முடித்துவிட முடியாது. சட்டத்திலேயே ஓட்டை இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, நாகப்பட்டினத்தில் தலித் குடும்பங்கள் நிவாரண முகாம்களில் ஒதுக்கப்பட்டதும், தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடாமல் தடுக்கப்பட்டதும் ஆவணமாகியிருக்கின்றன. இழப்பைப் படகையும் வலையையும் வைத்து அளந்ததால், மீன் சுமந்தும் கூலிக்குப் போயும் பிழைத்தவர்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். மறு ஆண்டே பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 வந்தது. அதன் 61-வது பிரிவு, இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் என எந்த அடிப்படையிலும் பாகுபாடு கூடாது என்கிறது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். குற்றங்களும் தண்டனைகளும் 51 முதல் 60 வரையிலான பிரிவுகளில் உள்ளன. பொய்யான எச்சரிக்கையைப் பரப்பிப் பீதி கிளப்பினால் 54-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை. பணியிலிருந்து நழுவும் அதிகாரிக்கு 56-வது பிரிவு உண்டு. அவர்மேல் வழக்குப் போட அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 59 சொல்கிறது. தண்டனை அத்தியாயம் முடிந்து, 'இதர' அத்தியாயம் தொடங்குகிற முதல் வரியில்தான் சாதிப் பாகுபாடு வருகிறது. இந்தச் சட்டத்தில் வதந்தி குற்றம், பாகுபாடு குற்றமில்லை. 2025-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பெருநகரங்களுக்குத் தனிப் பேரிடர் ஆணையம் வந்தது. பாகுபாட்டுக்குத் தண்டனை என்று ஒரு வரி வரவில்லை. அதுவுமன்றி, 61-வது பிரிவு பேசுவது இழப்பீட்டையும் நிவாரணத்தையும் பற்றி. எச்சரிக்கை யாருக்கு முதலில் போகிறது, படகு எந்தத் தெருவுக்கு முதலில் வருகிறது என்பதெல்லாம் அதில் இல்லை.

எச்சரிக்கை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு காலத்தில் வெள்ளம் வருகிறது என்று தண்டோரா போட்டு ஊரை எழுப்பியது எங்கள் ஆட்கள்தான். ஊர்த் தெருவெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் தன் வீட்டுக்கு ஓடுவார்கள். 2022 ஆகஸ்டில், இனி தண்டோரா வேண்டாம், ஒலிபெருக்கி கட்டிய வாகனத்தில் அறிவிக்கலாம் என்று தமிழ்நாடு அரசு சொன்னது. ரொம்பச் சரியான முடிவு. வாகனமும் வருகிறது. தார்ச்சாலை முடிகிற இடம் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

காலனிகள் ஏன் தாழ்ந்த இடத்திலேயே இருக்கின்றன என்பதற்குத் தனி ஆராய்ச்சி வேண்டாம். ஊரின் நல்ல மண்ணில் எங்களுக்கு மனை கிடைத்ததில்லை. ஏரியின் உபரிநீர் ஓடுகிற இடம், வாய்க்கால் ஓரம், பயிர் ஏறாத பள்ளம்: கையகப்படுத்தும்போது யாரும் சண்டைக்கு வராத நிலம் எதுவோ அது ஆதிதிராவிடர் குடியிருப்பு ஆனது. மாநகரத்திலும் இதே கதைதான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பாதுகாப்புக்காக என்று சொல்லி அடையாற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கம் ஒவ்வொரு பெருமழைக்கும் மிதக்கிறது. வெள்ளத்திலிருந்து வெள்ளத்துக்கு மாற்றுவதற்குப் பெயர் மறுகுடியமர்வு.

நிவாரணக் கணக்கிலும் நிலம்தான் பேசுகிறது. ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் தந்தார்கள். பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000. கறவை மாட்டுக்கு 37,500. விவசாயிக்குக் கொடுத்தது தவறென்று நான் சொல்லவில்லை, அதுவும் போதாதுதான். ஆனால் அந்த வயலில் நட்டவர், களை எடுத்தவர், தை மாத அறுவடைக் கூலியை நம்பிக் கடன் வாங்கியவர் எந்தக் கட்டத்தில் வருவார்? பயிர் அழுகியபோது அவருடைய மூன்று மாத வேலையும் சேர்ந்து அழுகியது. கணக்கெடுக்க வருபவரின் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. எங்கள் தெருவில் அந்தக் கட்டத்துக்குள் வரக்கூடியவர்கள் மூன்று குடும்பம்.

அரசு இயந்திரத்துக்கு எங்கள் முகவரி தெரியாது என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் வடிந்ததும் தெரிந்துவிடும். நாகப்பட்டினத்தில் 2004-ல் பிணங்களை அகற்றியது வெளியூர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள். 2015-லும் 2023-லும் சென்னையின் சேற்றை அள்ள மற்ற மாவட்ட நகராட்சிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் எந்தச் சாதி என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேருந்து ஏற்றிக் கொண்டுவரத் தெரிகிற ஆணையத்துக்கு, பேருந்து ஏற்றிக் காப்பாற்றவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே நம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றலாம் தோழர்களே. எச்சரிக்கை கொடுத்தார்களா என்பதோடு நிறுத்தாமல், எங்கே போகச் சொன்னார்கள், அந்த இடத்தின் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்போம். ஆற்றங்கரைக் காலனி ஒவ்வொன்றிலும் மேடு எழுப்பி, அரசுக்குச் சொந்தமான தங்குமிடம் ஒன்று கட்டுவது பெரிய விஷயமில்லை. கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டிய அரசுதானே இது. 61-வது பிரிவை மீறினால் தண்டனை என்று எழுதுவதும் நாடாளுமன்றத்தில் ஒரு நாள் வேலை.

போன வருடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எங்கள் ஊராட்சியின் நிவாரண முகாம் பட்டியலைக் கேட்டேன். முதலில் வாய்மொழியாக, "ஊர்லதான் இடம் இருக்கே" என்றார்கள். பிறகு எழுத்தில் வந்தது. காலனி என்ற சொல்லே அதில் இல்லை. ஒரே ஒரு இடம்தான் குறிக்கப்பட்டிருந்தது: அந்தக் கல்யாண மண்டபம். அதை நகலெடுத்து, இந்த ஆட்கள் இந்த மண்டபத்துக்குள் எப்படிப் போவார்கள் என்று கேட்டு ஆட்சியருக்கு மனு எழுதியிருக்கிறேன். நீங்களும் உங்கள் ஊராட்சிக்குக் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். பதில் தர அவர்களுக்கு முப்பது நாள் அவகாசம் இருப்பதால், ஐப்பசி மழைக்கு முன்னால் பட்டியல் கைக்கு வர வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே போட்டுவிடுங்கள்.