பறிபோன பெயர்கள்

ஓர் இனத்தின் கைவினையைப் பறிப்பவன் பொருளை மட்டும் பறிப்பதில்லை. அதன் பெயரையும் சேர்த்தே பறிக்கின்றான். நடு ஆப்பிரிக்க மக்களின் கலைப்பொருள்களே இதற்குச் சான்று.

கொங்கோ ஆற்றின் கழிமுகப் பகுதியில் வாழும் கொங்கோ மக்கள், ஆற்றல் உறைவதாகக் கருதும் உருவத்தை ‘என்கிசி’ என்பர். அவற்றுள் ஒருவகை மரவுருவில், உடன்படிக்கை செய்யும்போதும் சூளுறும்போதும் இரும்பாணி அறைவர். ஒவ்வோர் ஆணியும் ஒரு வாக்குறுதி. அவ்வுருவமே அவர்தம் முறைமன்றம், அதுவே ஆவணக்களரி. ஐரோப்பியரோ அதனைப் ‘பெட்டிசு’ என்றனர். பில்லி ஏவலைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லின் வழிவந்த பெயர் அது. ஒரே சொல்லால் முறைமன்றம் குருட்டு நம்பிக்கையாயிற்று!

உலூபா மக்களின் ‘உலுகாசா’ கையிலடங்கும் மரப்பலகை. அதில் மணிகளும் சிப்பிகளும் பதித்திருக்கும். பயின்றோர் அவற்றை விரலால் தடவி, அரசர் வழிமுறையையும் முன்னோர் வந்த வழியையும் எடுத்துரைப்பர். இதனை நூலென்னாது வேறென்னென்பது? எழுத்தறியா மக்களென்று இவர்களைப் பழித்தவர்க்கு இந்நூலைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவே.

குபா மக்களிடம் அன்றாடப் பொருளுக்கும் சடங்குப் பொருளுக்கும் இடையே சுவரில்லை. பனங்கள் பருகும் மரக்குவளையிலும் நுண்ணிய செதுக்குவேலை. இராபியாப் பனைநார்த் துணியை ஆடவர் நெய்ய, மகளிர் அதிற் பூத்தையலிடுவர். இறந்தோரை அத்துணியோடே அடக்குவர்.

2022 சூன் திங்களில் பெல்சிய அரசர் பிலிப்பு, சூகு மக்களின் ‘காக்குங்கு’ முகமூடியைக் கின்சாசா அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். சிறுவரை ஆடவராக்கும் சடங்கிற்குரிய முகமூடி அது. கொடுத்த முறை யாது? காலவரம்பற்ற இரவல்! உடையவனுக்கே அவன் உடைமையை இரவல் தருவது எந்நாட்டு அறம்?

அவ்வாண்டு சூலை 3ஆம் நாளிட்ட பெல்சியச் சட்டம், ஆதிக்கக் காலத்திற் கொண்டுசென்றவற்றைத் திருப்பித்தர வழிவகுத்தது. நன்று. ஆயினும் சட்டம் பொருளைத்தான் மீட்கும், பெயரை மீளாது. அது எழுதுவோர், கற்பிப்போர், காண்போர் கடன். ‘பெட்டிசு’ என்னற்க, என்கிசி என்க. ‘முதிராக் கலை’ என்னற்க. குபாக் கலை, உலூபாக் கலை என்க. உடையவன் இட்ட பெயரால் அழைப்பதே முதல் மீட்பு.