அடைக்கோழியா, நோயுற்ற கோழியா?

ஊரில் கோழியொன்று கூட்டை விட்டு எழும்பாதிருந்தால் நாம் கொண்ட முடிவு ஒன்றே: அடை கிடக்கிறது. தண்ணீரில் ஒருமுறை அமிழ்த்தியெடுத்தால் அடை தெளியும் என்பர். நாட்டுக்கோழிக்கு அந்த முடிவு பெரும்பாலும் பொருந்தியது. ஆனால் இங்கு பிரித்தானியாவில் எம்மவர் பின்வளவில் வளர்ப்பவற்றுட் பல, ஆண்டுக்கு 300 வரை முட்டையிடுமாறு உருவாக்கப்பட்ட கலப்பினங்கள். அவை அடைகிடப்பது அரிது. அத்தகைய கோழி நாள்முழுதும் ஒடுங்கிக் கிடந்தால், முட்டை அடைத்திருக்கிறதோ என்றே முதலில் ஐயுற வேண்டும்.

பிரித்தறிவது கடினமன்று. கையை நீட்டிப் பாருங்கள். அடைக்கோழி இறகைச் சிலிர்த்துச் சீறும், கொத்தவும் வரும். முட்டை அடைத்த கோழிக்கு அந்த வீறாப்பு இராது. வால் தாழ்ந்து, கண் சொருகி, கால்களை அகட்டி நின்று இடைக்கிடை முக்கும், தீனியை நாடாது.

முட்டையொன்று உருவாக ஏறத்தாழ 25 மணித்தியாலம் செல்லும். அதில் 20 மணித்தியாலம் வரை ஓடு படிவதற்கே. ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் வேண்டும். அது குறைந்தால் ஓடு மெலிவதோடு, முட்டையை வெளித்தள்ளும் தசையும் தளர்ந்துவிடும்.

இந்நிலையில் கோழியைக் குளிர்நீரில் அமிழ்த்துவது ஆபத்து. கைக்கு இதமான வெந்நீரில் அடிவயிறு அமிழும்படி 15 முதல் 20 நிமிடம் வைத்திருங்கள். பின்னர் ஈரம் துவட்டி, வெதுவெதுப்பான இருண்ட இடத்தில் தனியே விடுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள், முட்டையை உள்ளேயே உடைக்க ஒருபோதும் முயலாதீர்கள். சில மணித்தியாலங்களில் முட்டை வராவிடின் அன்றே மிருக வைத்தியரிடம் செல்ல வேண்டும். நாய், பூனைகளை மட்டும் பார்ப்போரும் உளர். ஆகையால் கோழிக்கு வைத்தியம் செய்வாரா, கட்டணம் எவ்வளவு என்பவற்றைத் தொலைபேசியில் முன்னரே கேட்டு வைத்திருங்கள். மருந்து தந்தால், எத்தனை நாளைக்கு முட்டையை உண்ணலாகாது என்பதையும் கேட்க மறவாதீர்கள். பிள்ளைகள் உண்ணும் முட்டையல்லவா?

வயிறு நீர் கட்டியதுபோல் வீங்கி மூச்சிரைத்தால் அது வேறு நோயாகலாம். மஞ்சட்கரு முட்டைப்பாதைக்குள் செல்லாது வயிற்றறையில் விழுந்து அழற்சி உண்டாக்குவதுண்டு. வெந்நீர் அதனைத் தீர்க்காது. முற்றிய நிலையில், நோவின்றி உயிர்நீங்கச் செய்வதே கருணையென வைத்தியர் கூறவும் கூடும்.

தீனியில் கவனமாயிருந்தால் முட்டை அடைப்பை ஓரளவு தவிர்க்கலாம். முட்டையிடும் கோழிக்குரிய தீனியையே கொடுத்து, சிப்பி ஓட்டுத் தூளை வேறு கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும். சோளமும் சோறும் மிகுந்தால் கொழுப்புச் சேர்ந்து முட்டைப்பாதையை நெருக்கும். அதற்கப்பால், தட்டில் மிஞ்சிய சோற்றைக் கோழிக்குப் போடுவது இந்நாட்டுச் சட்டப்படி குற்றமுமாகும். சமையலறைக்குட் கொண்டுவராது தோட்டத்திலிருந்து நேரே பறித்துக் கொடுக்கும் கீரைக்குத் தடையில்லை.