ஊர்ப் பத்திரிகை ஊரின் சாட்சி

சாட்சியில்லாதவனுடைய கட்சி எத்துணை நியாயமானதாயினும் மன்றிலே தோற்றுப்போவதை நாம் காண்கின்றோம். ஓர் ஊருக்கும் நியதி அதுவே. ஊரின் சாட்சி யாது? அவ்வூரிலேயே எழுதி, அவ்வூரிலேயே அச்சிட்டு, அவ்வூரார் படித்த பத்திரிகையே என்போம்.

யாழ்ப்பாணம் சிறிய பட்டினந்தான். அதன் பத்திரிகை வரலாறோ பெரிது. 1841இல் அமெரிக்க மிஷனரிமார் 'உதயதாரகை'யைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டனர். 1889இல் சைவ பரிபாலன சபையார் 'இந்து சாதன'த்தைத் தொடங்கினர். 1930இல் நா. பொன்னையா அவர்கள் நிறுவிய 'ஈழகேசரி' 1958 வரை நடந்தது. கொழும்பிலே 'வீரகேசரி'யும் 'தினகர'னும் இருந்தும், 1959இல் யாழ்ப்பாணத்திலே 'ஈழநாடு' பிறந்தது. ஏன்? வடக்கிலே ஒரு குளம் உடைத்தால் தலைநகர்ப் பத்திரிகைக்கு அது நான்கு வரி. ஊர்ப் பத்திரிகைக்கோ தலைப்புச் செய்தி. வெங்காய விலையும், மரண அறிவித்தலும், காணி வழக்கு விளம்பரமும் அங்கேதான் இடம்பெற்றன.

இதன் பெறுமதியை நம் பகைவரும் அறிந்திருந்தனர். 1981 ஜூனில் 'ஈழநாடு' காரியாலயம் எரிக்கப்பட்டது. அதேவேளை யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஏறத்தாழ 97,000 நூல்களோடு சாம்பராயிற்று. 1985இல் தொடங்கிய 'உதயன்' காரியாலயத்துள் 2006 மே 2இல் ஆயுதபாணிகள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். சாட்சியைக் கொல்பவன் வழக்குக்கு அஞ்சுபவனன்றோ?

ஆயின், தீக்குத் தப்பிய தாள்களை இன்று அழிப்பவர் யார்? கறையானும் நம்மவரின் கவலையீனமுமே! யாழ்ப்பாணத்து வீட்டுப் பரண்களிலும், மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வீடுகளிலும் கிடக்கும் பழைய கட்டுகள், வீடு மாறும்போது நிறைக்கு விற்கப்பட்டுச் சரை சுற்றப் போகின்றன. "இவற்றை இனி யார் படிப்பார்?" என்று கேட்பார் உளர். எந்த நாளில் எந்தக் கிராமம் இடம்பெயர்ந்தது, எந்த வயலில் யார் கமஞ்செய்தனர் என்ற கேள்வி நாளை எழும். அன்று வாய்ப்பேச்சுப் போதாது. அச்சிட்ட தாளும் வேண்டும்.

2005 முதல் நூலக நிறுவனத்தார் ஈழத்துப் பழைய வெளியீடுகளை எண்ணிமப் படிகளாக்கி, எவரும் இலவசமாகப் படிக்க வைத்து வருகின்றனர். கற்றோரே, உங்கள் அலுமாரிகளைத் திறவுங்கள். கமக்காரரே, உங்கள் பரண்களைத் தேடுங்கள். ஒரு கட்டு அகப்பட்டாலும் படியெடுக்கக் கொடுத்துதவுங்கள். இன்றும் வெளிவரும் ஊர்ப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குங்கள். நம் சாட்சியை நாமே காவாவிடின் வேறு யார் காப்பர்?